பத்தாவது சோடிக் கால்கள்

சுற்றுலா முடிந்த மறுநாளே நம் வாட்ஸ்அப் குழுவில் விசாரணை தொடங்கிவிட்டது. காலையில் அருவிப் பக்கமே வராமல் வேனில் உட்கார்ந்திருந்தவள் மத்தியானம் கடலில் மட்டும் ஏன் இறங்கினாய்? இறங்கியவள் ஒரு நிமிடத்தில் ஏன் மேலே வந்தாய்? மண்டோர் மகள் ஏன் அழுதாள்? ஒருவர் மிகுந்த அக்கறையோடு என் இரத்த அழுத்த மாத்திரையின் பெயரைக்கூடக் கேட்டிருந்தார்.

எனக்குக் குரல் பதிவு அனுப்பிப் பழக்கமில்லை. மாவட்ட அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் கோப்புகளோடு இருந்தவள் நான். தாளில் இல்லாதது நடக்கவில்லை என்று சொல்லிக் கொடுக்கிற இடம் அது. அதனால் எழுதுகிறேன். நீளம்தான். ஓய்வூதியக்காரர்கள் உங்களுக்கு வேறு என்ன வேலை.

விளம்பரத்தில் என்ன போட்டிருந்தார்கள் என்று நினைவிருக்கிறதா? 'ஒரே நாளில் அருவி, வனவிலங்குகளோடு நீச்சல், பவளப்பாறையில் ஸ்நோர்கல். வழிகாட்டி உண்டு.' படிவத்தை நம் எட்டுப் பேரில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவள் நான் ஒருத்திதான். விலங்குகள் வராவிட்டால் நிறுவனம் பொறுப்பல்ல என்று ஐந்தாவது பிரிவு சொன்னது. வந்தால் பொறுப்பல்ல என்று ஆறாவது பிரிவு. எந்த அருவி என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. வேன் செம்பனைக் காட்டுக்குள் திரும்பி, அந்த வளைவில் ஏறியபோதுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது அங்கே உடை மாற்றும் அறையும் நான்கு மொழியில் எச்சரிக்கைப் பலகையும் இருக்கின்றன. தண்ணீர் மட்டும் அதே தண்ணீர்.

உங்களில் மூன்று பேர், சிறுவயதில் இதே அருவிக்கு வந்த அன்று, லோரியில் இருந்தவர்கள். மற்றவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேள்விப்பட்டது தவறு. நம் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்த்த மண்டோரின் மகளிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் பத்து வயதிலிருந்து என்னிடம் கிடந்தது. அதை அவளிடம் சொல்லத்தான் அந்தச் சுற்றுலாவுக்கே நான் பெயர் கொடுத்தேன். மீன் பார்க்க அல்ல.

அது ஆண்டிறுதி விடுமுறை. மழைக்காலம் என்பதால் பாதி நாள் ரப்பர் மரங்களில் பால்வெட்டு இல்லை. புகைவீட்டில் தொங்கிய ரப்பர் ஷீட்டுகளின் வாடை, மழை ஈரத்தில் கீழே இறங்கி, தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசல்களில் படுத்துக் கிடக்கும். சோற்றிலும் அந்த வாடைதான், தலைமுடியிலும் அந்த வாடைதான். நாங்கள் ஆபீசர் குவார்ட்டர்ஸில் இருந்ததால் எங்களுக்கு அது அடிக்காது என்று அம்மா நம்பினாள்.

அந்த வருடம்தான் வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போனார். நாயை டிரைவருக்குக் கொடுத்தார். டிரெசருக்கு ஒரு நீச்சல் முகக்கண்ணாடி. டிரெசர் என்றால் தோட்டத்து ஆசுபத்திரியைத் தனியாக நடத்தியவர், நமக்கெல்லாம் அவர்தான் டாக்டர். கறுப்பு ரப்பர் பட்டை, முட்டை வடிவக் கண்ணாடி, பக்கத்தில் வளைந்த ஒரு குழாய். கடலுக்கு அடியில் மூச்சு விட்டபடி பார்க்கலாம் என்று துரை சொன்னாராம். டிரெசர் அதை ஊசிமருந்து அலமாரிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவைத்தார். சாகப்போகிறவர்களின் முகத்தில் வைப்பது அது என்று நாங்கள் வெகுநாள் நினைத்திருந்தோம். காய்ச்சல் என்று படுத்த பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் குணமாகி வீட்டுக்கு ஓடியிருக்கிறார்கள்.

பிள்ளைகளை ஒரு நாள் வெளியே கூட்டிப் போகும் யோசனை டிரெசருடையது. காலையில் மலையருவி, பிறகு லூமுட், அங்கிருந்து படகில் ஒரு குட்டித் தீவு. ஆளுக்கு ஒரு தடவை கண்ணாடியை மாட்டி மீன் பார்ப்பது. லோரிக்கு அனுமதி தர வேண்டியவர் பெரிய கிராணி, தோட்டத்துத் தலைமைக் கணக்கர். அதாவது என் அப்பா.

"பெயர்ப் பட்டியல் எங்கை?" என்றார் அப்பா.

"ஐயா, பிள்ளைங்க பிக்னிக் போவுதுங்க. மரம் வெட்டப் போவல."

"எங்கை போனாலும் பெயர் இருக்க வேணும். பெயர் இல்லாட்டி எனக்கு ஆள் இல்லை."

அப்பா யாழ்ப்பாணத்து ஒழுங்கோடு பிறந்தவர். கோயிலுக்குப் போனாலும் செக்ரோல் என்கிற ஆள்கணக்குப் புத்தகம் கூட வரும் என்று லயத்தில் கேலி உண்டு. பிக்னிக்குக்கும் அதோடு அவரே வந்தார். பதினொரு பெயர் எழுதினார். அகர வரிசை. கிராணி மகளுக்குச் சலுகை என்று யாரும் சொல்லக்கூடாதே என்று என் பெயரை மட்டும் கடைசியில் எழுதினார். பாரபட்சம் இல்லாமல் இருப்பதில் அவ்வளவு பாரபட்சம்.

இங்கே ஒரு விஷயத்தை எழுதியாக வேண்டும், நம் பேரப்பிள்ளைகள் யாராவது படித்தால் புரியட்டும். தோட்டத்தில் விடியலுக்கு முன்பு பெரட்டு எடுப்பார்கள். கிராணி இருட்டில் நின்று பெயர் படிப்பார், ஆட்கள் "இருக்கேங்க" என்பார்கள். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடி வருகிறவளுக்காகப் பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுப்பாள். பத்து நிமிடத்தில் அவள் வந்து சேர்ந்துவிடுவாள். யாருக்கும் நட்டமில்லை. ஏமாற்று என்று யாரும் அதை நினைத்ததில்லை, அது ஒரு மரியாதை. பள்ளிக்கூடத்தில் நாமும் அதையேதான் செய்தோம். ஒன்றுக்குப் போனவனுக்கும் தூங்கிக்கொண்டிருப்பவனுக்கும் யாராவது ஒருவர் "இருக்கேன் சார்."

புறப்படும்போதே மண்டோர் மகள் லோரிப் பலகையில் கால் வழுக்கி விழுந்தாள். வலது முழங்கால் தோல் உரிந்துவிட்டது. டிரெசர் பையைத் திறந்து ஊதா மருந்தை முழங்கால் முழுக்கத் தாராளமாகப் பூசினார். அவள் அழவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலை நீட்டிக் காட்டினாள்.

"பாத்தியா கிராணி மவளே, மங்குஸ்தீன் பழம் மாதிரி இருக்கில்ல?"

"கிட்ட வராத. என் கவுன்ல ஒட்டிக்கும்."

"ஒட்டட்டுமே. உங்கம்மாகிட்ட நான்தான் பூசி விட்டேன்னு சொல்லு. சாயங்காலம் உனக்கு பூசை இருக்கு."

அப்பாவோடு ஒரு தமிழும் அவளோடு ஒரு தமிழும் பேசுகிறவள் நான். அவளோடு பேசும் தமிழில்தான் எனக்குச் சிரிப்பு வரும்.

அருவி பெரியது அல்ல. மூன்று ஆள் உயரம் இருக்கும். அதற்குக் கீழே கறுத்த குளம், இடுப்பளவு. எங்களில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. டிரெசர் ஒரு முறை வைத்திருந்தார். எல்லோரும் வட்டமாக நின்று கையைக் கோத்துக்கொள்ள வேண்டும். அவர் விசில் ஊதும்வரை யாரும் கையை விடக்கூடாது. சத்தம் போடாமல் நின்றால் நீர்நாய் வரும் என்றார்.

வந்தது. ஐந்து தலைகள், எண்ணெய் தேய்த்த மாதிரி. பாறைக்குப் பின்னாலிருந்து வந்து வட்டத்துக்குள் புகுந்தன. யாரும் மூச்சு விடவில்லை. அதில் பெரியது தண்ணீரில் நெஞ்சுவரை நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. ஒருவரையல்ல. ஒவ்வொருவராக. ஒரு முகத்தில் நின்று அடுத்த முகத்துக்குப் போனது. எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது, சிரிப்பு வரவில்லை. சுற்றி முடித்ததும் ஐந்தும் ஒன்றாக மூழ்கின. எந்தப் பக்கம் போயின என்று தெரியவில்லை.

விசில் அடித்தது. என் வலது கையில் மண்டோர் மகளின் கை இருந்தது. நான் விட்டேனா, அவள் விட்டாளா என்று பல இரவு யோசித்திருக்கிறேன். நான்தான் விட்டேன். கரையில் நாசி லெமாக் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா பெரட்டு எடுத்தார். அருவிச் சாரலில் அவர் மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. முகம் பார்த்து டிக் போடுகிறவர், அன்று குரல் கேட்டே போட்டார். மண்டோர் மகள் பெயர் வந்தது. "இருக்கேங்க" என்று ஒரு குரல் சொன்னது.

அது யார் என்று எனக்குத் தெரியாது. நான் இல்லை. அவள் உடை மாற்றப் போயிருக்கிறாள், யாரோ நல்ல பிள்ளை உதவுகிறது என்று நினைத்தேன். குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. பின்னால் குளம்தான் இருந்தது. இதை நான் அப்போது கவனிக்கவில்லை, பிற்பாடு அந்த இடத்தை மனதுக்குள் வரைந்து பார்த்தபோது கவனித்தேன்.

லோரியில் எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். எனக்கு வலது பக்கம் பலகை காலியாக இருந்தது. அவள் முன்னால் மற்றவர்களோடு நெருக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று இருந்துவிட்டேன். ஆயர் தாவார் ஊரைக் கடந்ததும் அந்தப் பலகையில் கை வைத்தேன். சொட்டச் சொட்ட ஈரம். ஒரு மணி நேர வெயில் அடித்திருந்தது. மற்ற பலகையெல்லாம் காய்ந்து சூடாகக் கிடந்தன.

தீவில் கடல் பச்சையாக, அடி தெரிகிற மாதிரி இருந்தது. டிரெசர் அதே வட்டத்தைப் போட்டார். கண்ணாடி மாட்டியவர் நடுவில் குப்புற மிதக்க வேண்டும், டிரெசர் கரையோரம் நின்று நேரம் பார்ப்பார். ஒவ்வொருவராகப் போய், மேலே வந்து, பார்த்ததைச் சொன்னார்கள். கிளிமீன், கடல் அட்டை, ஒருவன் ஆமையின் முதுகைத் தொட்டதாகச் சொன்னான், யாரும் நம்பவில்லை. மண்டோர் மகளின் முறை வந்தது. பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை.

"எங்கடா போனா அவ?"

"புதருக்குப் பின்னால சார். வயித்த வலி போல."

சொன்னவன் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. வழக்கமான மரியாதை. டிரெசர் அடுத்த பெயருக்குப் போனார்.

எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. அருவிக்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை. சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் முறை, கடைசி முறை. டிரெசர் கண்ணாடியை என் தலையில் மாட்டிவிட்டார். பல நாளாகக் கனவு கண்ட கண்ணாடி. இதை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், வேறு மாதிரி எழுத முடியாது.

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். குழாயில் என் மூச்சு வேறு யாருடையதோ போலக் கேட்டது. முதலில் கால்களைத்தான் பார்த்தேன். என்னைச் சுற்றி வட்டமாக, வெளிறிப்போன கால்கள். அப்பாவின் மகள் அல்லவா, எண்ணினேன். நாங்கள் பத்துப் பேர், நான் நடுவில். ஒன்பது சோடி இருக்க வேண்டும். பத்து இருந்தன. பத்தாவது சோடியில் வலது முழங்கால் ஊதா.

சந்தோஷமாக இருந்தது, நம்புங்கள். இங்கேதான் இருக்கிறாள், அலாமாக், என்னமாய்ப் பயந்துவிட்டேன் என்று தலையைத் தூக்கினேன். ஒன்பது பேர். அவள் நின்ற இடத்தில், இந்தப் பக்கத்துப் பையனும் அந்தப் பக்கத்துப் பிள்ளையும் நேராகக் கையைக் கோத்திருந்தார்கள். நடுவில் ஆள் நிற்க இடமே இல்லை. மறுபடி முகத்தை வைத்தேன். கால்கள் இருந்தன. இப்போது பாதங்கள் என் பக்கம் பார்க்கவில்லை. வெளிப்பக்கம் திரும்பியிருந்தன, கரைக்குப் போகப் புறப்பட்ட மாதிரி.

கண்ணாடியைப் பிய்த்து எறிந்திருக்கிறேன். கத்தியதாக ஞாபகமில்லை, உப்புத் தண்ணீர் குடித்தது ஞாபகம் இருக்கிறது. என்னைக் கரையில் போட்டார்கள். பிறகு எல்லோரும் கண்ணாடியைத் தேடினார்கள். அப்பா கால்சட்டையை மடித்துவிட்டுத் தேடினார். டிரெசர் கண்ணில் நீர் நின்றது. ஒரு மணி நேரம் தேடினார்கள். அந்த ஒரு மணி நேரமும் நான் மணலில் உட்கார்ந்திருந்தேன். யாரும் யாரையும் எண்ணவில்லை.

லூமுட் படகுத்துறையில் அப்பா மறுபடி புத்தகத்தைத் திறந்தார். அவர் முகம் சிவந்திருந்தது, என்னால் வந்த சிவப்பு. மண்டோர் மகளின் பெயர். அமைதி. அப்பா தலையை நிமிர்த்தினார்.

"எங்கை அவள்?"

"இருக்கிறாள் அப்பா" என்றேன். "லோரிக்குப் பின்னாலை."

டிக் போட்டார்.

ஏன் சொன்னாய் என்று கேட்பீர்கள். இன்னொரு வசவு வேண்டாம் என்று சொன்னேன். மரியாதைப் பழக்கத்தில் சொன்னேன். கால்களைப் பார்த்திருந்தேனே, எங்கேயோ இருக்கிறாள் என்று சொன்னேன். மூன்றும் உண்மை, மூன்றும் சேர்ந்தாலும் காரணம் ஆகாது.

தோட்டத்தில் லோரி நின்றதும் மண்டோர் சைக்கிளைப் பிடித்தபடி மகளுக்காகக் காத்திருந்தார். பத்துப் பேர் இறங்கினோம். அவர் லோரிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு லோரிக்கு அடியில் குனிந்து பார்த்தார். அது இன்றுவரை எனக்குப் போகவில்லை, அவர் அடியில் குனிந்து பார்த்தது.

அதே லோரியில் திரும்பி ஓடினோம். கடைசியாகப் பார்த்தவள் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். அருவிக்குப் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெளிச்சம் இருந்தது. தெளிவாகப் பார்த்தேன்.

குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டியிருந்தாள். விரல்கள் மடிந்திருந்தன, இரண்டு பக்கமும் யாரோ கையைப் பிடித்திருப்பதுபோல.

மண்டோர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் அசையவில்லை. "அம்மா, நான் அப்பன்டா, வாடா" என்று தண்ணீரில் பாய்ந்தார். பக்கத்தில் போனவர் நின்றுவிட்டார். ஏன் நின்றார் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. டிரெசர் விசில் ஊதினார், ஒருமுறை, இரண்டுமுறை. அவள் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஏதோ முடியட்டும் என்று காத்திருக்கிற முகம்.

என் அப்பாவை நான் சும்மா கேலி செய்யவில்லை, அன்று அவருக்கு மட்டும்தான் புரிந்தது. சப்பாத்தோடு தண்ணீரில் இறங்கினார். செக்ரோலைத் திறந்தார். காலையில் படித்த அதே குரலில், முழுப் பெயர், தகப்பன் பெயரோடு படித்தார்.

"இருக்கேங்க" என்றாள். கைகள் விழுந்தன.

அப்பா டிக் போட்டார். அந்த டிக் கோணலாக இருந்ததைப் பார்த்தேன். லோரியில் அவளை மடியில் போட்டுக்கொண்ட மண்டோர் அவள் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். பாதம் வெள்ளையாகச் சுருங்கியிருந்தது. முழங்காலில் காயம் இருந்தது. ஊதாவின் சாயல்கூட இல்லை. அந்த மருந்து போக எத்தனை நாளாகும் என்று நமக்குத் தெரியும்.

வழியில் அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "நீங்க எல்லாம்தான் என்கூடவே இருந்தீங்களே." பெரியவர்கள் பேசாதே என்றார்கள். டிரெசர் காய்ச்சல் என்று கசப்பு மருந்து கொடுத்தார். லயத்தில் பூசாரி கயிறு கட்டினார். மறுநாள் அப்பா பிள்ளைகளைத் திடலில் வரிசையாக நிறுத்தி, அருவியில் அவளுக்குக் குரல் கொடுத்தது யார் என்று கேட்டார். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் உள்ளங்கையில் இரண்டு அடி, எனக்கு மூன்று. படகுத்துறையில் குரல் கொடுத்தது யார் என்று அவர் கேட்கவே இல்லை. அவருக்குத் தெரியும்.

அந்த மாதமே மண்டோர் குடும்பத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டிவிஷனுக்கு மாற்றினார்கள். நான் கையசைக்கக்கூடப் போகவில்லை.

அப்பா காலமான பிறகு, அன்றைய பயணத்தைப் பற்றி அவர் எழுதிய அறிக்கையின் கார்பன் பிரதி அலமாரியில் கிடைத்தது. படித்தேன், தொழில்முறையில் குறை சொல்ல முடியாத அறிக்கை. முகக்கண்ணாடி தொலைந்ததைப் பற்றி முக்கால் பக்கம். பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி: போனவர்கள் பதினொன்று, வந்தவர்கள் பதினொன்று. இத்தனை வருடத்தில் நானே அப்படி எத்தனை வரி எழுதியிருக்கிறேன் என்று அன்று யோசித்தேன். இதைப் பற்றி நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

இனி படகுக்கு வருகிறேன்.

மண்டோர் மகள் போன வருடம்தான் நம் குழுவில் சேர்ந்தாள். ஈப்போவில் அடுக்குமாடி வீடு, கையுறைத் தொழிற்சாலையில் பார்த்த வேலையிலிருந்து ஓய்வு. நீங்கள் அருவியில் கும்மாளம் போட்டபோது அவள் குடையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் நின்றதை வேன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தண்ணீரில் கால் வைக்கவில்லை. திரும்பி வந்து, "சாப்புட்டியா லா?" என்று மட்டும் கேட்டாள்.

மத்தியானம் நம் வழிகாட்டி, கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற அந்த மலாய்க்காரர், உங்களை ஒவ்வொருவராகக் கடலில் இறக்கினார். படகில் நானும் அவளும் மிச்சம். இன்ஜின் நின்றிருந்தது. சொன்னேன். அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"படகுத்துறைல உன் பேருக்குக் குரல் கொடுத்தது நான்தான். நீ இல்லன்னு தெரிஞ்சே கொடுத்தேன்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று தயாராக வந்திருந்தேன். அவள் மிதவைச் சட்டையின் கொக்கியை மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள். "எனக்குக் கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"விசில் ஊதுனப்ப என் ரிப்பன் தண்ணில விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்துட்டு நிமிந்தா வட்டம் அப்படியே இருக்கு. நீ பக்கத்துல இருக்க. எல்லாரும் இருக்கீங்க. யாரும் சிரிக்கல, அதான் ஒரு மாதிரியா இருந்துச்சு. கைய புடிச்சேன். சூடா இருந்துச்சு கை. உங்கப்பா கரையில நின்னு பேர் படிச்சாரு. எல்லா பேரும் படிச்சாரு, என் பேரு மட்டும் வரல. திருப்பி மொதல்ல இருந்து. திருப்பி வரல. பேரு வராம எப்படிப் போறது? வெளிச்சம் போற வரைக்கும் படிச்சுக்கிட்டே இருந்தாரு."

அவள் கொக்கியை மறுபடி மாட்டினாள்.

"நடுவுல ஒரே ஒரு தடவ நீ பேசுன. 'இருக்கிறாள் அப்பா'ன்னு. உங்க வீட்டுத் தமிழ்ல. அதைக் கேட்டப்பறம்தான் எனக்குப் பயம் போச்சு. கிராணி மவளே இருக்கான்னு சொல்லிட்டா, அப்ப நான் இருக்கேன்னு நெனச்சேன்."

உங்களில் யாரோ கடலிலிருந்து "வாங்க லா, மீன் எவ்ளோ இருக்கு" என்று கத்தினீர்கள். அவள் உங்கள் பக்கம் கையசைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு கேக்கறேன், சிரிக்காத. கல்யாணம் ஆச்சு, மூணு புள்ள, பேரன் பேத்தி எல்லாம் ஆச்சு. ஆனா எனக்கு நிச்சயமில்ல. அன்னிக்கு உங்கப்பா பேர் சொல்லிக் கூட்டிட்டு வந்தது என்னையத்தானா? லோரில போனது நானா, தண்ணில நின்னது நானா? புருசன்கிட்ட கேக்க முடியாது. டாக்டர்கிட்ட சொன்னா மாத்திரை குடுப்பாரு. நீதான் பாத்தவ. நான் இப்ப எறங்கி அவங்களோட நிக்கறேன். நீ கண்ணாடிய போட்டுக்கிட்டு கீழ போயிப் பாரு. என் காலு இருக்கான்னு பாத்துச் சொல்லு."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்லன்னு சொல்லு. இந்த வயசுல என்ன."

என்னால் முடியாது என்றேன். படிவத்தில் இதய நோய்க்காரர்கள் பற்றிய பிரிவைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே ஏணியில் இறங்கினாள். நீங்கள் கை நீட்டி அவளை வட்டத்தில் சேர்த்துக்கொண்டீர்கள், நினைவிருக்கிறதா? அலை இருக்கிறது, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று வழிகாட்டி சொன்னார். வட்டம் போட்டது நீங்களாக அல்ல. பிறகு அவள் உங்கள் தலைகளுக்கு மேல் என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஏதோ முடியட்டும் என்று காத்திருக்கிற முகம்.

"தாக்குட் கா, காக்?" என்றார் வழிகாட்டி. ஆமாம், பயம்தான் என்று அவரிடம் சொன்னேன். கண்ணாடியை மாட்டிவிடச் சொன்னேன்.

இறங்கினேன். உங்கள் கைகளுக்குக் கீழே புகுந்து நடுவுக்குப் போனேன். குழாயில் அதே மூச்சு. தண்ணீருக்குள் முகத்தை வைக்கும்போது கண்ணை மூடியிருந்தேன். பிறகு திறந்தேன். நேராக அவள் இருந்த பக்கம் மட்டும் பார்த்தேன். இரண்டு கால்கள், நரம்பு புடைத்து, கணுக்காலில் வீக்கம், நம் எல்லோருக்கும் இருக்கிற அதே வீக்கம். பாதங்கள் என் பக்கம் பார்த்திருந்தன. கையை நீட்டி இரண்டையும் பிடித்தேன். அவள் கூச்சத்தில் ஒரு காலை உதறினாள், என் கண்ணாடியில் பட்டது. விடவில்லை. மூச்சு முட்டும்வரை பிடித்திருந்தேன்.

மேலே வந்து சொன்னேன். "இருக்க." அவ்வளவுதான் சொன்னேன். அதற்குத்தான் அவள் அழுதாள்.

இன்னொரு கேள்வியும் குழுவில் இருந்தது. கீழே என்ன பார்த்தாய், எத்தனை மீன், சொல்லவே இல்லையே என்று. மீன் பார்க்கவில்லை. அவள் கால்களைத் தவிர அங்கே வேறு எதையும் நான் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்கக் கவனமாக இருந்தேன். வட்டத்தில் நீங்கள் எத்தனை பேர் நின்றீர்கள் என்று கேட்காதீர்கள். உங்களை நான் எண்ணவில்லை.